வேலை தெரிஞ்சவங்க கிரெடிட்டை எங்க கோட்டை விடுறாங்க

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம்னு நம்ம பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு சர்டிபிகேட்டாவது இருக்கும். லேமினேஷன் போட்டு பீரோவுல சேலைக்கு அடியில பத்திரமா வச்சிருப்பாங்க. தையல், கம்ப்யூட்டர், கடல்பாசி வளர்ப்பு, மீன் ஊறுகாய்னு ஏதோ ஒண்ணு. அதை எடுத்துட்டு வந்து "தம்பி, இப்ப என்னமோ கிரெடிட்டுங்கிறாங்களே, இதுக்கு எதாச்சும் வருமா"ன்னு கேக்குறப்ப, பெரும்பாலும் "வராதுக்கா"ன்னு சொல்ல வேண்டியிருக்கு, சொல்லவே மனசு வரல.

முதல்ல கிரெடிட்டுன்னா என்னன்னு சொல்லிடுறேன். 2023 ஏப்ரல்ல ஒன்றிய அரசு தேசிய கிரெடிட் கட்டமைப்புன்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு. பள்ளிக்கூடம், காலேஜ், ஐடிஐ, குறுகிய கால கோர்ஸ், வேலை அனுபவம் எல்லாத்தையும் ஒரே தராசுல நிறுக்குறதுதான் அதோட நோக்கம். 30 மணி நேரப் படிப்பு 1 கிரெடிட். ஒரு வருஷத்துக்கு 1200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட். சும்மா வந்து உக்காந்துட்டுப் போனா ஏறாது, அசெஸ்மெண்ட் பாஸ் பண்ணணும். எட்டாவதோட நிறுத்திட்டு கடலுக்குப் போனவருக்கும், கல்யாணத்தோட படிப்பு நின்னுபோன அக்காவுக்கும் இது உண்மையிலேயே ஒரு வழி, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கைக்கு வர்ற எல்லா பேப்பரையும் கிரெடிட்டுன்னு நம்புறதுதான் அதிகமா நடக்குற தப்பு. ரெண்டு நாள் கேம்ப்புக்குப் போனா கலந்துக்கிட்டதுக்கு ஒரு சான்று குடுப்பாங்க, அது சான்று மட்டும்தான். சேர்றதுக்கு முன்னாடியே இந்த கோர்ஸ் என்ன லெவல் (அதாவது படிப்போட தரநிலை), மொத்தம் எத்தனை மணி நேரம், எத்தனை கிரெடிட், சர்டிபிகேட் குடுக்குற அமைப்புக்கு என்சிவிஇடி, அதாவது தொழிற்கல்விக்கான தேசிய கவுன்சிலோட அங்கீகாரம் இருக்கான்னு கேட்டுருங்க. நேஷனல் குவாலிஃபிகேஷன் ரிஜிஸ்டர்னு அரசோட வெப்சைட் இருக்கு, அங்கீகாரம் உள்ள கோர்ஸ் அதுல கோடு நம்பரோட இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பாக்கலாம், 390 மணி நேர கோர்ஸ்னா 13 கிரெடிட் வரணும். கேட்டா கோவிச்சுக்குவாங்களோன்னு நம்மாளுங்க வாயே திறக்குறதில்ல, கூடைக்காரர்கிட்ட மீன் செவுளைத் தூக்கிப் பாத்துட்டு வாங்குறோம்ல, அதே மாதிரிதான் இதுவும்.

லெவலையும் யாரும் பாக்குறதில்ல. லெவல் 3-ல 13 கிரெடிட்டும் லெவல் 4-ல 13 கிரெடிட்டும் ஒண்ணு கிடையாது, கிரெடிட்டை லெவலால பெருக்கினா வர்றதுதான் கிரெடிட் பாயிண்ட், முதல்ல சொன்னது 39, அடுத்தது 52. அப்புறம் கிரெடிட் சேந்துட்டா தானா டிப்ளமோ ஆயிடும்னும் நினைக்கிறாங்க. ஆகாது. அடுத்து நீங்க எங்க சேரப்போறீங்களோ அந்த இடம் அதை ஏத்துக்கணும், எத்தனை கிரெடிட்டைக் கழிச்சுக்குவீங்கன்னு ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

இப்ப ஆர்பிஎல். ஏற்கனவே தெரிஞ்ச வேலையைச் சோதிச்சுப் பாத்து சான்று குடுக்குறது. பெரியவங்களுக்குக் கோர்ஸை விட இதுதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஆனா கவனக்குறைவா நடக்குறதும் இதுலதான்.

எங்க மாமா ஒருத்தர் பாம்பன்ல 20 வருஷத்துக்கு மேல மீன்பிடி போட் இன்ஜின் ரிப்பேர் பாக்குறார். டீசல் லைன்ல ஏர் ஏறியிருக்கா, நாசில் ஒழுகுதான்னு ஸ்க்ரூடிரைவரோட கம்பியை இன்ஜின் மேல வச்சு பிடியில காதை வச்சுக் கேட்டே சொல்லிடுவார். ஆர்பிஎல் டெஸ்ட்டுக்குப் போனா டேப்லெட்ல கேள்வி, எல்லாம் இங்கிலீஷ், கேட்டது பூரா பைக்கைப் பத்தி. எந்திரிச்சு வந்துட்டார். அன்னைக்கு அவர் முகத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். தப்பு அவர்மேல இல்ல, அவரைத் தப்பான கோர்ஸ்ல போட்டுவிட்டவங்க மேல. அதனால ஆர்பிஎல்லுக்குப் பேர் குடுக்குறப்ப கோர்ஸோட பேர் நீங்க செய்யுற வேலைதானா, தேர்வு தமிழ்ல உண்டா, செஞ்சு காட்டுற பகுதி உண்டான்னு மூணையும் கேளுங்க. அனுபவத்துக்கும் கணக்கு இருக்கு, 7 வருஷத்துக்கு மேல செஞ்ச வேலைன்னா அந்தப் படிப்போட கிரெடிட் 2 மடங்கு வரைக்கும் எண்ணலாம்னு வழிகாட்டியிலயே இருக்கு. ஆனா வாயால சொன்னா எடுக்க மாட்டாங்க. போட்டு ஓனர் குடுத்த கடிதம், சங்க அடையாள அட்டை, பில் புக், வேலை செய்யுறப்ப எடுத்த போட்டோ வீடியோன்னு இப்ப இருந்தே ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

பேர் விஷயம் சின்னதாத் தெரியும், கழுத்தை அறுக்குறது அதுதான். டிசியில "மு. செல்வி"ன்னு இருக்கும், ஆதார்ல புருஷன் பேர் சேந்திருக்கும், பேங்க் புக்ல வேற ஸ்பெல்லிங். கிரெடிட் போய் உக்காருற ஏபிசி கணக்கை டிஜிலாக்கர் வழியா ஆதாரை வச்சுத்தான் திறக்கணும். ஓடிபி போற நம்பர் எதுன்னு பாத்தா துபாய்ல இருக்குற மகன் பழைய சிம்மு, கீழக்கரை பக்கம் இதை ரொம்பவே பாக்கலாம். வகுப்புல சேர்றதுக்கு முன்னாடியே பேரையும் நம்பரையும் சரி பண்ணிடுங்க, பாஸ் பண்ணிட்டு அலையுறது கொடுமை.

கோர்ஸ் நடத்துறவங்களும் கவனிக்க வேண்டியது இருக்கு. இங்கிலாந்துல 2008-ல இதே மாதிரி ஒரு கிரெடிட் முறை கொண்டுவந்தாங்க, அங்க 10 மணி நேரம் 1 கிரெடிட். 2015-ல அந்த விதிகளையே எடுத்துட்டாங்க. படிப்பைத் துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டுட்டே போனதுல, முழு வேலையும் இவனுக்குத் தெரியுமான்னு பாக்குறது தளர்ந்துபோச்சு, ஒரு இடத்துல வாங்கின கிரெடிட்டை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனவங்களும் கம்மிதான். வலையில ஓட்டை அடைக்கத் தெரியும், ஈயம் கோக்கத் தெரியும், மிதவை கட்டத் தெரியும்னு மூணு டிக் வாங்கினவரால வலையை முழுசாக் கட்டி கடல்ல இறக்க முடியுமாங்கிறதையும் கடைசியில சோதிக்கணும்.

அப்புறம் நேரம். பாசி எடுக்குற பெண்கள் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி மாசத்துல 12 நாள்தான் போறதுன்னு அவங்களே கட்டுப்பாடு வச்சிருக்காங்க. அந்த நாள்ல விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு விடியறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. சரியா அன்னைக்கே வகுப்பு வச்சுட்டு "இவங்களுக்கு ஆர்வமே இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதுனா எப்படி? ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், எல்லாரும் சும்மாதானே இருப்பாங்கன்னு மொத்த பேட்சையும் அதுல தள்ளுறாங்க, அதுவும் முழுசா சரியில்ல. விசைப்படகுல போற ஆளுங்களுக்கு அது ஓய்வு. மெக்கானிக்குக்கும் தச்சருக்கும் பெயிண்டருக்கும் அதுதான் வருஷத்துலயே வேலை குவியுற நேரம், போட்டெல்லாம் கரையில ஏறி நிக்கும், ஒரு நாள் கூலியை விட்டுட்டு யாரும் வர மாட்டாங்க. அவங்களுக்கு அக்டோபர் நவம்பர் மழை நாள்ல வைங்க, இல்லன்னா ராத்திரி 7 மணிக்கு மேல வைங்க, அதுவும் ராமநாதபுரம் டவுன்ல இல்ல, பாம்பன்லயே.