அலைன்மென்ட் செய்த பிறகும் ஸ்டியரிங் கோணலா? நீங்களே நடுவுக்குக் கொண்டுவரும் முறை

சில்லு அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) முடித்து, கணினித் தாளில் எல்லாம் பச்சையாக வந்த பிறகும் என் காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே நின்றது. கராஜில் கேட்டால் "ஓட ஓடப் பழகிவிடும்" என்றார்கள். பழக வேண்டியதே இல்லை, ஒரு காலைப்பொழுதில் சரிசெய்யக்கூடிய வேலை இது.

முதலில் எது கோளாறு என்று பாருங்கள். எங்கள் திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் நெரிசல் இல்லாத நேரத்தில், மாடுகள் குறுக்கே நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு நேரான துண்டில் மெதுவாக ஓட்டுங்கள். பிடியைத் தளர்த்தியதும் கார் ஒரு பக்கம் போனால் அது இழுப்பு. கார் நேராகப் போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணல் என்றால் நடு தவறியிருக்கிறது. மழைநீர் வடிவதற்காக வீதியின் ஓரம் சற்றுச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் லேசாக இடப்பக்கம் ஒதுங்குவது கோளாறல்ல.

இழுப்பு என்றால் டயர் சூடாகும் முன் காற்றைப் பாருங்கள். அப்புறம் முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றுங்கள் (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பும் பக்கம் மாறினால் டயரில்தான் பிழை. ஓடி வந்ததும் ஒரு சில்லு மட்டும் அதிகம் சூடாக இருந்தால் பிரேக் பிடித்திருக்கிறது.

இனி நடு தவறியதற்கு வருவோம். முன் சில்லுகளைத் திருப்புவது இடமும் வலமுமாக டை ராட் எனும் இரண்டு கம்பிகள். ஸ்டியரிங்கை நடுவில் பூட்டாமல் அவற்றைச் சரிசெய்தால் இரு சில்லுகளும் சேர்ந்த மொத்த அளவு சரியாக வரும், ஸ்டியரிங் கோணலாகிவிடும். அதனால் ஒன்றை நீட்டும் அளவுக்கு மற்றதைக் குறைக்க வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்திருந்து, டை ராட் சில்லின் நடுவுக்குப் பின்னால் இருந்தால், இடது ராடைக் குறைத்து வலது ராடை நீட்டுங்கள். முன்னால் இருந்தால் நேர்மாறு.

காரைத் தூக்கி, ஸ்டாண்ட் வைக்காமல் அடியில் போகவே கூடாது. சில்லை இரு பக்கமும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டை ராட் முனையில் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டை ராட் தானே சுற்றாமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்துவதில்தான் பலர் மாட்டுவார்கள். நம் கடற்காற்றில் அது துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். அளவான ஸ்பனர்தான் வேண்டும். அட்ஜஸ்டபிள் ஸ்பனர் நட்டின் மூலைகளை மழுக்கிவிடும். ராடைச் சுற்றும் முன் ரப்பர் உறையின் சிறு கிளிப்பையும் தளர்த்துங்கள், இல்லாவிட்டால் உறை முறுக்கிக் கிழியும். இரண்டு ராடிலும் வெள்ளைக் கோடு போட்டு, கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் சுற்றாதீர்கள்.

கீழே இறக்கியவுடன் அளக்காதீர்கள். தூக்கியபோது தொங்கிய சில்லுகள் இறங்கியதும் உள்ளே மடங்கி நிற்கும். அப்போது எடுக்கும் அளவு பொய். காரைச் சில அடி முன்னே உருட்டி நிறுத்தி, முன் டயர் இரண்டுக்கும் நடுவே முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். வேலை தொடங்கும் முன்பே இதே போல அளந்து குறித்துவைத்த வித்தியாசம் மாறக்கூடாது. பிறகு லாக் நட்டை இறுக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டியரிங் சில்லையே கழற்றித் திருப்பிப் போடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது, மூலப்பிழையும் அப்படியே கிடக்கும்.

பின்னர் சேர்த்தது: கிண்ணியாவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு நடு சரியாக வந்த பிறகும் டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது. மின் ஸ்டியரிங் உள்ள கார்களில் ஸ்டியரிங் திரும்பும் கோணத்தை அளக்கும் சென்சாரை ஸ்கேனரால் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு எவ்வளவு சரிசெய்தும் கோணல் திரும்பத் திரும்ப வந்தது. பின் சில்லுகள் திசை மாறியிருந்தாலும் இப்படி வரும். அதற்கு நான்கு சில்லையும் சேர்த்து அளக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.