இரு ஊர்களின் பெட்ரோல் விலையை ஒப்பிடுவது எப்படி?

2024 மார்ச் 15 அன்று ஒரு லிட்டர் சாதாரண பெட்ரோல் டெல்லியில் 94.72 ரூபாய்க்கும் சென்னையில் 100.75 ரூபாய்க்கும் விற்றது. ஆறு ரூபாய்க்குச் சற்றே கூடுதலான இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு எண்ணெய் நிறுவனம், ஒன்றிய அரசு, மாநில அரசு என ஏதோ ஒரு தரப்பின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் பங்க்கில் தெரியும் விலை பல அடுக்குகளின் கூட்டுத்தொகை. அடுக்குகளைப் பிரிக்காமல் செய்யப்படும் எந்த ஒப்பீடும் வாசகரைத் தவறான முடிவுக்கே கொண்டுபோய்விடும்.

முதலில் அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெய் நிறுவனம் பங்க் உரிமையாளரிடம் வசூலிக்கும் அடிப்படை விலை, போக்குவரத்துச் செலவு, ஒன்றிய அரசின் கலால் வரி, பங்க் உரிமையாளரின் கமிஷன் ஆகியவை சேர்ந்த பிறகு, அந்த மொத்தத்தின் மேல் மாநில அரசு மதிப்புக் கூட்டு வரி விதிக்கிறது. பெட்ரோல் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வராததால் இந்தக் கடைசி அடுக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலால் வரியோ நாடு முழுவதும் ஒன்றுதான்.

இனி மாநில வரியைக் கழற்றிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் பெட்ரோல் வரி 13 விழுக்காடும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் ஆகும். ஆகவே சென்னை விலையிலிருந்து 11.52-ஐக் கழித்து, மீதியை 1.13-ஆல் வகுக்க வேண்டும், 78.96 ரூபாய் கிடைக்கிறது. டெல்லியின் வரி 19.4 விழுக்காடு மட்டுமே என்பதால் 94.72-ஐ 1.194-ஆல் வகுத்தால் போதும், 79.33 ரூபாய். அதாவது வரிக்கு முன் சென்னையின் பெட்ரோல்தான் சில பைசா மலிவு. ஆறு ரூபாய் இடைவெளி முழுவதையும் மாநில வரியே உண்டாக்கியிருக்கிறது.

விழுக்காட்டு வரிக்கும் லிட்டர் கணக்கிலான வரிக்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஊர்களுக்கிடையிலான இடைவெளி காலப்போக்கில் ஏன் விரிகிறது, ஏன் சுருங்குகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மேற்சொன்ன 2024 மார்ச் 15 அன்று நடைமுறைக்கு வந்த விலைக் குறைப்பு டெல்லியில் 2 ரூபாயாகவும், சென்னையில் 1.88 ரூபாயாகவும், மும்பையில் 2.10 ரூபாயாகவும் வந்து சேர்ந்தது. அடிப்படை விலையில் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தார்கள். விழுக்காடு கூடுதலாக உள்ள ஊரில் குறைப்பும் பெரிதாகத் தெரிந்தது. கச்சா எண்ணெய் ஏறும் நாள்களில் அதே ஊர் கூடுதலாக ஏறும். தமிழ்நாடு 2020 மே மாதம் 34 விழுக்காட்டு வரியை 15 விழுக்காடும் 13.02 ரூபாயும் என மாற்றியபோது சென்னையில் விலை உயர்ந்தது. ஆனால் வரிக்கு முந்தைய விலை சுமார் 68.50 ரூபாயைத் தாண்டினால் புதிய முறையில் வரி பழையதைவிடக் குறைவு என்பதை எவரும் தாளில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நாளின் விலையைக் கொண்டு ஒரு வரி மாற்றத்தை எடைபோடக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பல ஆண்டுகளின் விலையை வரைபடமாக்குவதற்கு முன், வரியும் விதியும் மாறிய நாள்களை அதில் கோடிட்டுக் குறித்துவிடுங்கள். பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது 2010 ஜூன். மாதம் இருமுறை மாறிவந்த விலை தினமும் மாறத் தொடங்கியது 2017 ஜூன் 16. கலால் வரி 5 ரூபாய் குறைந்தது 2021 நவம்பர் 4. மேலும் 8 ரூபாய் குறைந்தது 2022 மே 22. மாநிலங்களின் மாற்றங்கள் தனி. 2021 நவம்பர் இறுதியில் டெல்லியில் 103.97, சென்னையில் 101.40 ரூபாய், டிசம்பர் முதல் தேதி டெல்லி தன் வரியை 30-லிருந்து 19.4 விழுக்காடாக்கியதும் அங்கே விலை 95.41 ஆனது, சென்னை விலை அசையவில்லை. நேற்றுவரை விலை கூடுதலாக இருந்த ஊர் ஒரே இரவில் மலிவான ஊரானது. தேதிக்கோடு இல்லாத வரைபடத்தில் இதைச் சந்தையின் போக்கு என்றே வாசிப்பவர் நினைப்பார். அதேபோல் 2022 மே முதல் 2024 மார்ச் வரை டெல்லி, சென்னை விலைக்கோடு படுக்கையாகவே செல்லும். கச்சா எண்ணெய் அப்போதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது.

போக்குவரத்துச் செலவைத் தனியாகக் காண, ஒரே மாநிலத்துக்குள் ஒப்பிடுங்கள். சென்னைக்கும் உதகைக்கும் வரி ஒன்றே என்பதால், மிஞ்சும் வித்தியாசம் டிப்போவிலிருந்து டேங்கர் லாரி ஓடும் தூரத்துக்கானது. வரியின் பங்கை மட்டும் காண வேண்டுமானால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹேயையும் சில கிலோமீட்டர் தள்ளிக் கேரளத்தில் உள்ள தலச்சேரியையும் எடுத்துக்கொள்ளலாம்; தூரம் ஒரு பொருட்டே இல்லாத அந்த இரு ஊர்களில் மாஹே எப்போதும் மலிவாக இருப்பதற்கு வரியே காரணம்.

தரவுக்கு, பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவின் இணையதளத்தில் நான்கு பெருநகரங்களின் விலையும் மாநில வரி அட்டவணையும் கிடைக்கின்றன. விலை காலை 6 மணிக்கு மாறுவதால் தேதியைத் தவறாமல் குறியுங்கள். மாதக் கடைசி நாளின் விலையைவிட மாதச் சராசரியே நம்பகமானது. பத்தாண்டு இடைவெளியில் ஒப்பிடும்போது நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு பணவீக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இவ்வளவும் செய்த பின்னும் வரிக்கு முந்தைய விலையில் இரு பெருநகரங்களுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரிந்தால், ஒரு பக்கம் சாதாரண பெட்ரோலும் மறுபக்கம் பிரீமியம் பெட்ரோலும் கலந்துவிட்டனவா என்றும், அந்தத் தேதிக்குரிய வரி விகிதத்தைத்தான் பயன்படுத்தினோமா என்றும் முதலில் சரிபாருங்கள்.