தென்கிழக்கு ஆசியத் தீவுகளின் கடல்சார் தொல்லியல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடல்களில் மூழ்கிய கப்பல்களைப் படிக்க வருபவர்கள் முதலில் சறுக்குவது சரக்கில்தான். பீங்கான் குவிந்து கிடந்தால் உடனே 'சீனக் கப்பல்' என்று குறித்துவிடுகிறார்கள். 1998-இல் பெலித்துங் தீவருகே கண்டெடுத்த 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலில் சுமார் 60,000 சீனப் பீங்கான்கள் இருந்தன. கப்பலோ இரும்பாணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அது இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி மரபு.

ஆகவே பலகையைப் பாருங்கள். இத்தீவுகளின் பழைய முறையில், பலகை விளிம்புகளில் துளையிட்டு மர ஆணிகளால் ஒன்றோடொன்று இணைப்பார்கள். பலகையின் உட்புறத்தில் ஆங்காங்கே செதுக்காமல் விட்ட புடைப்புகள் இருக்கும். அவற்றைக் குடைந்து, ஈஜுக் என்னும் பனைநார்க் கயிற்றால் வங்குக்கால்களோடு (கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்களோடு) கட்டுவார்கள். ஆணித்துளையின் விட்டம், துளைகளுக்கு இடையிலான தூரம், புடைப்பின் நீள அகலம் எல்லாவற்றையும் அளந்தே தீரவேண்டும். இவை இல்லாத பீங்கான் பட்டியல் வணிகத்தைச் சொல்லும், கப்பல் கட்டியவர்களைச் சொல்லாது.

கடலடியில் மட்டும் தேடுவதும் தவறு. 2008-இல் ஜாவாவின் புஞ்சுல்ஹார்ஜோவில் ஈஜுக் கயிற்றோடு கிடைத்த படகும், 1970-களில் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவிலுள்ள புத்துவானில் வெளிப்பட்ட படகுகளும் கரைமண்ணில் புதைந்திருந்தவை. காற்றுப் புகாத ஈரமண் மரத்தை நன்றாகவே காக்கும்.

கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் காலக்கணிப்பில் மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். அடிமரத்தின் நடுவயிரத்தில் எடுத்தால், மரம் வெட்டிய ஆண்டுக்குப் பல பத்தாண்டுகள், சில சமயம் நூற்றாண்டுகள் முந்திய கணக்கு வரும். கயிறு, நார், பட்டையை ஒட்டிய வெளிவளையங்கள் ஆகியவையே நம்பகமானவை. கடற்சிப்பியின் கரிமக் கணக்கு சுமார் 400 ஆண்டு பழையதாகக் காட்டும், திருத்தாமல் பயன்படுத்தக்கூடாது. ஒரே ஒரு கணிப்பையும் நம்பவேண்டாம். புத்துவானின் முதல் படகு கி.பி. 320 என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. மறுகணிப்பில் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது என்று தெரிந்தது.

எடுத்த மரத்தை வெயிலில் உலர்த்துவதுதான் மீட்கவே முடியாத பிழை. ஊறிய மரத்தின் செல்களை நீர்தான் தாங்கி நிற்கிறது. அது வெளியேறினால் செல்கள் நசுங்கி, பலகை முறுக்கிச் சுருங்கும். நன்னீரில் மூழ்கவைத்து உப்பை நீக்கி, நீருக்குப் பதிலாகச் செல்களைத் தாங்கும் மெழுகு போன்ற பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைச் சிறுகச் சிறுகக் கூட்டி ஊட்டவேண்டும். பெரிய மரத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். பீங்கானுக்கும் உப்பு எதிரிதான். உலரும்போது அது படிகமாகி மெருகைப் பெயர்க்கும். தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நீரில் கரைந்த உப்பை உணர்த்தும் மின்கடத்துதிறன் அளவி காட்டும் எண் குறைந்து நிலைத்த பிறகே உலரவிடுங்கள்.