ரோடு பைக் (குனிந்து ஓட்டும் வேக சைக்கிள்) வாங்கலாமா?

ஞாயிறு காலை ராமேஸ்வரத்திலிருந்து மண்டபம் பக்கம் போகும் வேக சைக்கிள் கூட்டம் உங்களை விட்டுவிட்டுப் போகிறதா? பணத்தை எடுக்கும் முன், எந்த இடத்தில் பின்தங்குகிறீர்கள் என்று பாருங்கள்.

போகும்போது பாம்பன் பாலத்தில் கழன்றுவிட்டு, திரும்பும்போது ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள் என்றால் புது சைக்கிள் பெரிதாக உதவாது. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில், போகும்போது அங்கே காற்று இடது முன்பக்கமிருந்து வரும். முன்னால் போகிறவருக்குச் சற்று வலப்பக்கம் பின்னால் ஓட்டினால்தான் மறைவு கிடைக்கும். பஸ் வரும்போது அதற்கும் இடமிருக்காது, வரிசைக்குத் திரும்பிவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் மீன்கடை அண்ணன் ஒருவர் நேர் ஹேண்டில்பார் வைத்த பழைய ஹைப்ரிட் சைக்கிளில்தான் இன்னும் முன்னால் போகிறார்.

அடுத்து டயர். பட்டன் வைத்த தடித்த டயரைக் கழற்றி, ரிம்முக்குப் பொருந்துகிற 32 மி.மீ. வழவழப்பு டயர் போட்டுப் பாருங்கள்.

காற்றில்லாத காலையிலும் 28, 30 கி.மீ. வேகத்தில் மூச்சு முட்டுகிறதா? சரி, அப்போது நண்பரின் ரோடு பைக்கை இரவல் வாங்கி உச்சிப்புளி வரை போய் வாருங்கள். காற்று அடிக்காவிட்டாலும் அந்த வேகத்தில் பெரும் எதிரி காற்றின் தடைதான். குனிந்து பிடிக்கும் ஹேண்டில்பார் அங்கேதான் உதவும். ஆனால் இடுப்பும் கழுத்தும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குவதென்றால் 32 மி.மீ. டயர் நுழைகிற அலுமினிய ஃபிரேம் போதும். கார்பனுக்குப் போடும் காசில் ட்யூபும் பஞ்சர் சாமானும் வாங்கலாம். கருவேல முள்ளுக்கு விலை தெரியாது. கடலோரத்து அரிச்சல்முனை போய் வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.