மானிட்டர் வாங்கும்போது பலரும் கோட்டைவிடுகிற இடங்கள்

மானிட்டர் வாங்கக் கிளம்பினால் முதல் கேள்வியே "எத்தனை இன்ச்?" என்பதுதான். நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, ஒரு இன்ச்சுக்குள் எத்தனை பிக்சல் (படத்தை உருவாக்கும் குட்டிப் புள்ளி) இருக்கிறது என்பதை. 1920×1080 ரெசல்யூஷன் (குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்) 24 இன்ச் திரையில் இன்ச்சுக்குச் சுமார் 92 பிக்சல் தரும், அதையே 27 இன்ச்சுக்கு இழுத்தால் 82தான். சின்ன எழுத்தில் ஞ, ணு மாதிரிச் சுழிகளைப் பாருங்கள், ஓரம் பிசிறடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். 27 இன்ச் வேண்டுமென்றால் குறைந்தது 2560×1440 எடுங்கள், அதில் சுமார் 109 வரும்.

சரி, 4கே (3840×2160) வாங்கிவிடலாம் என்றால், முதலில் லேப்டாப்பில் கேபிள் செருகும் போர்ட்டைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 போர்ட்டில் 4கே நொடிக்கு 30 ஃப்ரேம்தான் ஓடும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி தத்தித் தத்திப் போகும், பழியோ பாவம் மானிட்டர் மேல் விழும். '1 எம்எஸ் ரெஸ்பான்ஸ்' (பிக்சல் நிறம் மாற ஒரு மில்லிசெகண்ட்தான்) என்ற விளம்பரத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அது கேம் ஆடுகிறவர்களுக்கானது.

அடுத்தது, இரண்டு திரை இருந்தால் வேலை இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கை. இரண்டையும் சமமாக ஒட்டி வைத்தால் மூக்குக்கு நேரே இருப்பது நடுச் சட்டம்தான், வேலை நடக்கிற பக்கமாகக் கழுத்து நாள் முழுக்கத் திரும்பியே இருக்கும். அதோடு இரண்டாவது திரை மெல்ல மெல்ல சாட்டுக்கும் மெயிலுக்கும் குடியிருப்பாகிவிடும், பாதி வாக்கியத்தில் இருக்கும்போது ஓரக்கண்ணில் ஏதோ மின்னும், எழுதிக்கொண்டிருந்தது அறுந்துபோகும். என்னைக் கேட்டால் நல்ல திரை ஒன்றே போதும், அதை நேர் எதிரே வையுங்கள். இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டே தீர வேண்டிய வேலை என்றால் மட்டும் இன்னொன்றைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, தேவையில்லாத நேரத்தில் அணைத்துவிடுங்கள்.

உயரம் மாற்ற முடியாத ஸ்டாண்டோடு வருகிற மானிட்டர்கள் நிறைய. வாங்கும் முன் பின்பக்கம் வெசா துளைகள் (திருகி மாட்டுவதற்கான, பொதுவான அளவில் அமைந்த துளைகள்) இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் பிறகு திரையைத் தாங்கி உயரம் மாற்றித் தரும் ஆர்ம் மாட்டிக்கொள்ளலாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும், தூரம் ஒரு கை நீளம். புரோகிரெசிவ் கண்ணாடி (மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிக்க) போடுகிறவர்கள் இன்னும் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க மோவாயைத் தூக்கித் தூக்கியே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் வெளிச்சம். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பளபளப்பு, முகத்துக்கு எதிரே இருந்தால் கண் கூசும், அதனால் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையைத் திருப்புங்கள். புதுத் திரையைப் பெரும்பாலும் அதிகப் பிரகாசத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒரே வெண்மையாகத் தெரிகிறவரை குறையுங்கள். ராத்திரி விளக்கு போட்டதும் மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.