டெல்லி ஜனவரில கிளப் கோல்ஃப்: ஸ்வெட்டரை குறை, கிளப்பை கூட்டு

நம்ம ஊர்ல இருந்து டெல்லிக்கு மாத்தலாகி வந்து ரெண்டு மூணு வருஷத்துல எப்படியும் யாராவது ஒரு பெரியவர், ஆபீஸ்ல சீனியரோ மேல் வீட்டு ரிட்டயர்ட் கர்னலோ, "சண்டே ஃப்ரீயா, கிளப்புக்கு வா, ஒரு ரவுண்ட் போடலாம்"னு கூப்பிடுவாரு. அது பெரும்பாலும் டிசம்பர் ஜனவரில தான் வரும், ஏன்னா மே மாசத்துல இங்க பதினோரு மணிக்கு மேல மனுஷன் வெளிய நிக்க முடியாது, குளிர்காலம் தான் சீசன். சீசன்னா ஊட்டி மாதிரி இருக்கும்னு நினைச்சு கிளம்பிடாதீங்க, காலைல 6, 7 டிகிரி, எதிர்ல நிக்கிற மரம் தெரியாத பனிமூட்டம்.

முதல் விஷயம் டைம். ஜனவரில இங்க சூரியன் வரவே ஏழேகால் ஆகுது, அஞ்சரை அஞ்சேமுக்காலுக்கெல்லாம் போயிடுது. 18 ஹோல், அதாவது 18 குழியும், நடந்து ஆட நாலு, நாலரை மணி நேரம் ஆகும். அதனால டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்க ஒதுக்குற நேரம், உங்க கைல இருந்தா ஒன்பதரைக்கு மேல கேளுங்க, பன்னெண்டுக்கு மேல வேண்டாம், கடைசி ரெண்டு ஹோலை இருட்டுல தடவ வேண்டி வரும். ஆனா கெஸ்ட்டா போறவங்களுக்கு சாய்ஸ் எங்க இருக்கு, மெம்பர் ஏழரைன்னா ஏழரை தான். ஏழரை டீ டைம்னா ஒன்பது மணிக்கு தான் முதல் ஷாட்னு மனசுல வெச்சுக்கங்க, மூட்டம் விலகுற வரைக்கும் ஒவ்வொரு குரூப்பா அனுப்புற ஸ்டார்ட்டர் யாரையும் விடமாட்டாரு, விடவும் கூடாது, முன்னாடி போற குரூப் கண்ணுக்கு தெரியாம அடிச்சா பந்து யார் தலைல விழும்னு யாருக்கு தெரியும்.

முந்தின நாள் ராத்திரி ஏக்யூஐ, அதாவது காத்து மாசு அளவு, பாருங்க. 400 தாண்டினா அதுக்கு பேரே 'சிவியர்', அதுல நாலு மணி நேரம் நடக்கிறது விளையாட்டு இல்ல. மரியாதையா ஒரு மெசேஜ் போட்டு தள்ளி வெச்சுடுங்க, ஹோஸ்ட்டும் உள்ளுக்குள்ள சந்தோஷப்படுவாரு.

டிரஸ். இதுல தான் நான் முதல் தடவை மானத்தை வாங்கிக்கிட்டேன். ஆர்.கே.புரம் மலை மந்திர்க்கு விடிகாலைல போறப்ப போடுற அதே குரங்கு குல்லா, சரோஜினி நகர்ல பேரம் பேசி வாங்கின தடி ஜாக்கெட், ரெண்டையும் மாட்டிட்டு போய் நின்னேன். பேக் தூக்கிட்டு கூட வர்ற கேடிக்கு சிரிப்பை அடக்க முடியல. சிரிப்பு கூட பரவால்ல, அந்த ஜாக்கெட்ல கையை தோளுக்கு மேல தூக்கவே முடியல, ஸ்விங் பாதில நின்னு பந்து முப்பது கஜம் உருண்டுச்சு. சரியான முறை என்னன்னா உடம்போட ஒட்டின மெல்லிசு தெர்மல், அதுக்கு மேல காலர் வெச்ச டி-ஷர்ட், அதுக்கு மேல ஒரு மெல்லிசு ஸ்வெட்டர், கடைசியா கை இல்லாத குயில்ட் ஜாக்கெட். நெஞ்சு சூடா இருக்கும், கை ஃப்ரீயா இருக்கும். பதினோரு மணிக்கு வெயில் வந்து 18, 20 டிகிரி ஆகும்போது ஒவ்வொண்ணா கழட்டி பேக்ல திணிச்சுக்கலாம். தலைக்கு சாதா கம்பளி தொப்பி போதும். ஜீன்ஸ், காலர் இல்லாத பனியன் ரெண்டும் பெரும்பாலான கிளப்ல நடக்காது, ஷூல இரும்பு ஸ்பைக்கும் ஆகாது. சாக்ஸ் மட்டும் ஒரு ஜோடி எக்ஸ்ட்ரா, சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க, மூணாவது ஹோல்லயே பனித்தண்ணி ஷூக்குள்ள போயிடும், ஈரக்காலோட பதினஞ்சு ஹோல் நடந்து பாருங்க தெரியும்.

வார்ம்-அப் பண்ணாம நேரா டிரைவரை, அதாவது தூரம் அடிக்கிற பெரிய மட்டையை, எடுக்காதீங்க. பத்து நிமிஷம் வேகமா நடங்க, இடுப்பை திருப்புங்க, ரெண்டு அயர்ன் மட்டையை சேர்த்து பிடிச்சு மெதுவா ஆட்டுங்க. கேடி ஷெட் பக்கம் சில சமயம் அங்கீட்டி (கரி அடுப்பு) எரிஞ்சிட்டு இருக்கும், அங்க ஒரு சாய் குடிச்சிட்டு கையை காட்டிட்டு வாங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சிடும். சிலர் சூடேத்திக்க ஒரு பெக் போடுவாங்க, அது தோல்ல சூடு மாதிரி தோணும், உண்மைல உடம்பு சூட்டை வெளிய தான் விடும். அதெல்லாம் ரவுண்ட் முடிஞ்சப்புறம் வெச்சுக்கலாம்.

இப்ப ஆட்டத்துக்கு வருவோம். குளிர்ல மூணு விஷயம் ஒண்ணா சேர்ந்து உங்களுக்கு எதிரா நிக்கும்: காத்து கனமா இருக்கும், பந்து கல்லு மாதிரி இறுகி மட்டைல (அதையும் கிளப்னு தான் சொல்வாங்க) பட்டதும் துள்ளாது, உங்க முதுகும் திரும்பாது. சாதாரணமா 140 கஜம் போற என் 7 அயர்ன் ஜனவரி காலைல 125 தாண்டறதே கஷ்டம். இங்க எல்லாரும் பண்ற தப்பு, போன தூரத்தை பலத்தால திரும்ப பிடிக்க பாக்குறது. பண்ணாதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும். நம்பர் குறைஞ்சா தூரம் கூடும், அதனால 7 எடுக்கிற இடத்துல 6 எடுங்க, முக்கா ஸ்விங் போடுங்க. கேடி "ஸாப், ச்சே நம்பர் லீஜியே" (சார், ஆறாம் நம்பர் எடுங்க)ன்னு சொன்னா வாதாடாம வாங்கிக்கங்க, அவர் அந்த கோர்ஸை வருஷக்கணக்கா நடந்தவர். உங்க லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் மூட்டத்துல வேலை செய்யாது, அவர் கண்ணு செய்யும்.

பந்தை சூடாக்குறது பத்தி ஒரு வார்த்தை. பாக்கெட்ல ஹேண்ட் வார்மர் வெச்சு கையை சூடாக்கலாம், தப்பில்ல. அதே வார்மர்ல பந்தை வெச்சு சூடாக்கி அடிச்சா ரூல் புக் படி டிஸ்குவாலிஃபிகேஷன், பெனால்டி ஷாட் கூட இல்ல, நேரா வெளிய. ஃப்ரெண்ட்லி மேட்ச்ல யாரும் செக் பண்ணப்போறதில்ல, ஆனா கெஸ்ட்டா போன இடத்துல அந்த பேர் எதுக்கு. முந்தின ராத்திரி பேக்கை கார் டிக்கில போடாம வீட்டுக்குள்ள வெச்சா போதும்.

பந்து மஞ்சளோ ஆரஞ்சோ எடுத்துட்டு போங்க. குளிர்ல பெர்முடா புல்லு பழுப்பாகி காஞ்ச இலையெல்லாம் விழுந்து கிடக்கும், வெள்ளை பந்து மூட்டத்தோட கலந்துடும். தேடறதுக்கு 3 நிமிஷம் தான், 2019க்கு முன்னாடி 5 இருந்துச்சு. ஜாகிர் ஹுசைன் மார்க்ல இருக்கிற டெல்லி கோல்ஃப் கிளப் மாதிரி இடத்துல ஃபேர்வேயை, அதாவது புல் வெட்டின நடுப்பாதையை, விட்டு ரெண்டடி தள்ளினா முள்ளுப்புதர் தான், நடுவுல பழைய மண்டபம், மயில் வேற. அதனால தான் இங்கெல்லாம் ஆகேவாலான்னு ஒருத்தர் முன்னாடியே போய் நின்னு பந்து எங்க விழுதுன்னு பாத்து சொல்லுவாரு. மூட்டத்துல அவர் இல்லாட்டி ரவுண்டுக்கு ஒரு டஜன் பந்து காலி.

குழியை சுத்தி இருக்கிற கிரீன்ல காலைல பனித்துளி இருக்கும், பட் பண்ணா, அதாவது குழிக்கு உருட்டி அடிச்சா, பந்து கோடு போட்டுட்டு பாதில நின்னுடும். கொஞ்சம் அழுத்தி அடிங்க. வெயில் வந்து காஞ்சதும் அதே கிரீன் வேகமாயிடும், முன்னாடி அடிச்ச கணக்குல அடிச்சா ஆறடி தாண்டி போகும். லைன்ல, அதாவது பந்து குழிக்கு போற வழில, இருக்கிற பனியை கையாலயோ துண்டாலயோ துடைக்க கூடாது, ஹோலோட முதல் ஷாட் அடிக்கிற இடத்துல மட்டும் துடைக்கலாம். கிளப்போட கைப்பிடி துடைக்க ஒண்ணு, பந்து துடைக்க ஒண்ணுன்னு ரெண்டு துண்டு வெச்சுக்கங்க. க்ளவுஸ் ரெண்டு, ஒண்ணு ஈரமானா இன்னொண்ணு. பங்கர், அதாவது மணல் பள்ளத்துல, மணல் காலைல ஈரமா கெட்டியா இருக்கும், மணல்ல அடிக்கிற சாண்ட் வெட்ஜை ரொம்ப திறந்து பிடிச்சா மட்டை துள்ளி பந்தோட மேல் பாதில பட்டு, பந்து கிரீனுக்கு அந்த பக்கம் போயிடும்.

கெஸ்ட் மரியாதை பெருசா ஒண்ணும் இல்ல. ஃபோன் சைலன்ட், பந்து ஓரம் போனா மத்தவங்களை எச்சரிக்க தொண்டை கிழிய "ஃபோர்", மெம்பர் பட் பண்ணும்போது அவர் லைன்ல நிழல் விழாம நிக்கிறது. கேடி காசை கேஷா முன்னாடியே மாத்தி வெச்சுக்கங்க, எவ்வளவுன்னு ஹோஸ்ட்டை தனியா கூப்பிட்டு கேளுங்க, கேடி முன்னாடி வெச்சு கேக்காதீங்க.

போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது லாடோ சராய்ல இருக்கிற குதுப் கோர்ஸ்ல ஆடி பாத்துட்டு போங்க, டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) நடத்துறது, காசு கட்டினா யாரும் ஆடலாம், குளிர்ல உங்க 7 அயர்ன் எவ்வளவு போகுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். ஃப்ளாஸ்க்ல டிகாக்‌ஷன் காபி எடுத்துட்டு போறவங்க நாலு கப் அளவு எடுத்துக்கங்க. ஒன்பதாவது ஹோல்ல மூடியை திறந்ததும் கர்னல் உட்பட எல்லாரும் உங்க பக்கம் தான் திரும்புவாங்க.