வாடகை அறை பார்க்கிறீர்களா? காலை 7 மணிக்குப் போய்ப் பாருங்கள்

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸிலோ பொங்கோலிலோ அறை வாடகை குறைவு என்று உடனே தலையாட்டிவிடாதீர்கள். வார நாளில் காலை 7 மணிக்கு அந்த புளோக்கின் கீழிருந்து வேலையிடம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். "எம்ஆர்டிக்கு (ரயில் நிலையத்துக்கு) ஐந்தே நிமிடம்" என்ற விளம்பரத்தில் மின்தூக்கிக்குக் காத்திருப்பதும், நிரம்பி வரும் முதல் பேருந்தை விடுவதும் சேராது.

வார நாளில் 7.45க்கு முன் ரயில் நிலையத்தில் பயண அட்டையைத் தட்டினால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். மாதம் 22 வேலை நாளுக்கு 11 வெள்ளி (டாலர்). பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பேருந்தில் 7.35க்குத் தட்டியது கணக்கில் வராது, ரயில் நிலையக் கதவில் தட்டும் நேரமே கணக்கு. இடையில் பரோட்டா சாப்பிடப் பேருந்திலிருந்து இறங்கினால் 45 நிமிடத்துக்குள் ரயில் நிலையத்தில் தட்டிவிடுங்கள். தாண்டினால் புதுப் பயணமாகி, அடிப்படைக் கட்டணம் மறுபடி விழும்.

அறை பிடித்துவிட்டதா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடென்றால் ஒப்பந்தம் குறைந்தது 6 மாதம். உரிமையாளர் வாங்கிய வீவக அனுமதியையும் கேட்டுப் பாருங்கள். கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும்: மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 900 வெள்ளி, ஓராண்டு என்றால் 43 வெள்ளிதான். இதை மிச்சம் பிடிப்பவர்கள் வைப்புத்தொகைத் தகராறு வரும்போது விழிக்கிறார்கள். முத்திரையில்லா ஒப்பந்தம் நீதிமன்றத்தில் சான்றாகாது.